வளரிளம் பருவத் தத்துப்பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களும் குடும்பங்களுக்கான ஆதரவுச் சேவைகளும்: முகப்பேர்ப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் முகமை வழியாகத் தத்தெடுக்கப்படும் குழந்தையின் வளர்ச்சியைப் பின்தொடர விதிமுறைகள் வகுத்துள்ள காலம் இரண்டு ஆண்டுகள். குடும்பத்தின் பிணைப்பு கடுமையாகச் சோதிக்கப்படுவதோ பிள்ளை வளரிளம் பருவத்தை எட்டும்போது. இவ்விரு காலங்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான முகப்பேரையும் அதனை ஒட்டிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளையும் களமாகக் கொண்டு, சட்டம் தரும் பாதுகாப்பு, நடத்தைச் சிக்கல்களின் உளவியல் அடிப்படை, தமிழ்ச் சமூகச் சூழல் உருவாக்கும் தூண்டல்கள், கிடைக்கும் சேவைகள் ஆகியவற்றை விளக்குகிறது. சேவைகள் இருந்தும் அவற்றைத் தத்துக் குடும்பத்தோடு இணைக்கும் நிலையான பொறுப்பாளர் இல்லாமையே முதன்மைக் குறை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: தத்தெடுப்பு, வளரிளம் பருவம், பற்றுறவு, நடத்தைச் சிக்கல், தத்துக்குப் பிந்தைய சேவை, முகப்பேர்

முன்னுரை

முகப்பேர் என்னும் ஊர்ப்பெயரை ‘மகப்பேறு’ என்பதன் திரிபாகக் கருதுவது அவ்வூர் மக்களிடையே வழங்கும் மரபு. அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளைப்பேறு வேண்டுவோர் வந்து வழிபடும் வழக்கம் இம்மரபோடு இணைத்துப் பேசப்படுகிறது. இப்பெயர் விளக்கம் மொழியியல் நோக்கில் நிறுவப்பட்டதா என்பது வேறு ஆய்வு. எனினும், பிள்ளை வேண்டுதலை ஊர்ப்பெயரிலேயே கண்டுகொள்ளும் ஒரு சமூகம், வேண்டிப் பெற்ற பிள்ளை வளர்ந்து முரண்படும்போது அக்குடும்பத்திற்கு என்ன துணை தருகிறது என்னும் வினா இங்குப் பொருத்தமாக எழுகிறது.

தத்தெடுப்புப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் இரு பொருள்களில் நிலைகொள்கின்றன. ஒன்று, தத்தெடுக்கும் நடைமுறை; மற்றொன்று, தத்தெடுப்பின் அறம். குழந்தை வீட்டிற்கு வந்து பத்தாண்டுகள் கழிந்தபின் என்ன நிகழ்கிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் வழியாக 2024-25ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் 4,515 தத்தெடுப்புகள் நிறைவுற்றன. அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் 2030களில் பதின்பருவத்தில் இருப்பர். அவர்களுக்கான சேவைகளைத் திட்டமிடும் காலம் இதுவே.

தத்தெடுப்பின் மூன்று வழிகளும் அவற்றின் விளைவும்

ஒரு குடும்பத்திற்குப் பின்னாளில் கிடைக்கும் ஆதரவு, பிள்ளை எவ்வழியில் அக்குடும்பத்திற்கு வந்தது என்பதைப் பொறுத்து அமைகிறது. தமிழ்நாட்டில் மூன்று வழிகள் காணப்படுகின்றன.

முதலாவது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் வழி. இச்சட்டம் 2016 சனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. சமய வேறுபாடின்றி எவரும் இதன்கீழ்த் தத்தெடுக்கலாம். பெற்றோர் இணையவழிப் பதிவு செய்கின்றனர். சிறப்புத் தத்தெடுப்பு முகமை இல்ல ஆய்வறிக்கை அணியமாக்குகிறது. குழந்தைகள் நலக் குழுவால் சட்டப்படி தத்துக்கு உரியதென அறிவிக்கப்பட்ட குழந்தை குடும்பத்திற்குப் பரிந்துரைக்கப்படுகிறது. முன்பு நீதிமன்றம் பிறப்பித்த தத்தெடுப்பு ஆணையை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார்.

இரண்டாவது, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் வழி. இதில் பெற்றவரும் ஏற்பவரும் நேரடியாகக் கொடுத்துப் பெறுகின்றனர். வழக்காறு வேறாக இல்லாதவிடத்துப் பிள்ளை பதினைந்து வயது நிறைவடையாதிருத்தல் வேண்டும். செல்லத்தக்க முறையில் நிகழ்ந்த தத்தினை ஏற்ற பெற்றோர் நீக்க இயலாது. தத்துப்பிள்ளையும் அதனைத் துறந்து பிறந்த குடும்பத்திற்குத் திரும்ப இயலாது என இச்சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வழியில் இல்ல ஆய்வும் இல்லை, பின்தொடர்தலும் இல்லை.

மூன்றாவது, எழுத்துச் சான்று எதுவுமின்றி உடன்பிறந்தார் பிள்ளையையோ நெருங்கிய உறவினர் பிள்ளையையோ வளர்த்தல். ‘அண்ணன் பிள்ளையை எடுத்து வளர்க்கிறார்கள்’ என்னும் ஒரு தொடரில் அடங்கிவிடும் இவ்வழக்கத்தில், பிள்ளையின் சட்டநிலையே தெளிவற்றதாக இருக்கலாம்.

இம்மூன்று வகைப் பிள்ளைகளும் ஒரே அடுக்ககத்தில் வாழலாம். ஒரே பள்ளியில் பயிலலாம். பதினான்கு வயதில் அவர்களிடம் தோன்றும் சிக்கல்கள் ஒத்தவையாக இருக்கலாம். ஆயினும் முதல் வகையினருக்கு மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட காலம்வரை, ஒரு முகமையின் தொடர்பு உண்டு. முகமைப் பதிவுகளை மட்டும் கொண்டு தேவையை அளவிடும் எந்தத் திட்டமும் ஏனைய இரு வகையினரைக் காணத் தவறும்.

இரண்டு ஆண்டு எல்லை

தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, குழந்தை தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்ட நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை முகமை பின்தொடர் அறிக்கை அளித்தல் வேண்டும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே பொருந்தாமை தென்பட்டால், முகமையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ உளவள ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். ஒப்படைப்புக்கும் ஆணைக்கும் இடையே தத்து கைவிடப்படுவதை ‘முறிவு’ என்றும், ஆணைக்குப் பிறகு சட்டப்படி நீக்கப்படுவதைக் ‘கலைப்பு’ என்றும் விதிமுறைகள் வேறுபடுத்துகின்றன.

இவ்வேற்பாட்டின் நோக்கம் குழந்தை புதிய வீட்டில் நிலைபெறுவதை உறுதிசெய்வது. அந்நோக்கத்திற்கு இரண்டு ஆண்டுகள் போதுமானதாக இருக்கலாம். ஆனால் காலக்கணக்கை நோக்கினால் வேறு உண்மை புலப்படும். இரண்டு வயதில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு நான்கு வயதில் கடைசி அறிக்கை எழுதப்படுகிறது. அப்பிள்ளை பதினான்கு வயதில் வீட்டைவிட்டு வெளியேறினால், முகமையோடு கடைசித் தொடர்பு ஏற்பட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இல்லத்தை ஆய்வு செய்த சமூகப் பணியாளர் பணி மாறியிருக்கலாம். குடும்பமும் வேறு மாவட்டத்திற்குக் குடிபெயர்ந்திருக்கலாம்.

பெற்றோரின் வயதும் இங்குக் கருதத்தக்கது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், இரண்டு வயதுவரையுள்ள குழந்தையை ஏற்கும் இணையரின் கூட்டு வயது 85க்கு மிகாதிருக்க அனுமதிக்கின்றன. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது 110 வரை உயர்கிறது. குழந்தைப்பேற்றுக்கான மருத்துவத்தில் பல்லாண்டுகள் கழித்தபின் தத்தெடுக்க முன்வரும் இணையர், பிள்ளையின் பதின்பருவத்தில் ஐம்பதுகளின் நடுவிலோ அதற்கு மேலோ இருப்பது இயல்பு. தம் முதுமைப் பெற்றோரைப் பேணுதல், பணி ஓய்வு, உடல்நலிவு ஆகியன பிள்ளையின் பதின்பருவக் கொந்தளிப்போடு ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

நடத்தையின் பொருள்

‘நடத்தைச் சிக்கல்’ என்னும் தொடர் பலவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. பொய் பேசுதல், வீட்டில் பணம் எடுத்தல், உணவை ஒளித்து வைத்தல், பொருள்களை உடைத்தல், தாயை அடித்தல், பள்ளிக்குச் செல்ல மறுத்தல், வீட்டைவிட்டு ஓடுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் எனப் பெற்றோர் கூறும் குறைகள் வெவ்வேறு வேர்களை உடையன.

முதல் வேர் தொடக்கக்காலப் பற்றுறவு. குழந்தை பசியிலும் அச்சத்திலும் அழும்போது ஒரே முகம் மீண்டும் மீண்டும் வந்து ஆற்றினால், உலகம் நம்பத்தக்கது என்னும் உணர்வு உருவாகிறது என ஜான் பௌல்பி, மேரி எயின்ஸ்வொர்த் ஆகியோரின் ஆய்வுகள் விளக்கின. பணிமுறைப்படி மாறும் பராமரிப்பாளர்களிடையே வளர்ந்த குழந்தைக்கு இந்த உறுதி கிட்டாமற்போகலாம். அத்தகைய குழந்தை தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ளக் கற்கிறது. தலையணைக்கடியில் பிஸ்கட்டை மறைத்து வைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் செயல் பெற்றோருக்குத் திருட்டாகத் தோன்றும். பிள்ளைக்கு அது பழைய பசிக்கான காப்பு. இங்குத் தண்டனை அச்சத்தைப் பெருக்குகிறது. அச்சம் அச்செயலை மேலும் உறுதிப்படுத்துகிறது.

தொடக்கக்கால இழப்பின் ஆழத்தை ருமேனிய அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்திற்குத் தத்தாக வந்த 165 குழந்தைகளைப் பற்றி மைக்கேல் ரட்டர் குழுவினர் தொடங்கிய நீண்டகால ஆய்வு காட்டியது. ஆறு மாதத்திற்குக் குறைவாக அவ்வில்லங்களில் இருந்தவர்கள் ஏனைய தத்துப்பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேற்பட்ட காலம் இருந்தவர்களில் பலரிடம் கவனக்குறைவு, சமூக உறவுச் சிக்கல்கள் முதலியன இளமைப் பருவம்வரை நீடித்தன. எனினும் இப்பிரிவினரிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எச்சிக்கலுமின்றி வளர்ந்தனர். தொடக்கம் முடிவைத் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வேர் அடையாளத் தேடல். எரிக் எரிக்சன் கூறியதுபோல் ‘நான் யார்’ என்னும் வினா பதின்பருவத்தின் நடுவில் நிற்கிறது. ஏனைய பிள்ளைகள் தம் விடையின் ஒரு பகுதியைக் கண்ணாடியிலும் உறவினர் முகங்களிலும் காண்கின்றனர். தத்துப்பிள்ளைக்கு அப்பகுதி வெறுமையாக உள்ளது. தன்னை ஏற்றவர்களைப் பற்றி அறிவதற்கு முன், தன்னைப் பிரிந்தவர்களைப் பற்றிய வினா அதனை வாட்டுகிறது. இத்துயருக்குச் சமூகத்தில் பெயரோ சடங்கோ இல்லை. ஆகவே அது சினமாக வெளிப்படுகிறது. அச்சினம் அருகிலிருக்கும் தாயின்மீதே பெரும்பாலும் பாய்கிறது. விட்டுச் செல்லமாட்டார் என ஓரளவு நம்பத்தக்கவரிடமே பிள்ளை அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கிறது.

மூன்றாவது, தத்தோடு தொடர்பற்ற காரணங்கள். கற்றல் குறைபாடு, கவனக்குறைவு, மனச்சோர்வு, பள்ளியில் கேலி, இயல்பான பருவ மாற்றம் ஆகியன எந்தப் பிள்ளையிடமும் தோன்றும். ஜெஃபர், வான் ஐசென்டோர்ன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தத்துப்பிள்ளைகளுக்கும் பிறருக்கும் இடையே நடத்தைச் சிக்கல்களில் உள்ள வேறுபாடு சிறிதே எனவும், மனநலச் சேவைக்கு அனுப்பப்படுவதில் உள்ள வேறுபாடு பெரிது எனவும் கண்டது. தத்துப் பெற்றோர் உதவியை விரைந்து நாடுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். எல்லாவற்றையும் தத்தின்மேல் ஏற்றுவதும் தத்தை முற்றிலும் மறந்து மருத்துவம் செய்வதும் ஒரே அளவில் தவறானவை.

தமிழ்ச் சூழலின் தூண்டல்கள்

மேலைநாட்டு ஆய்வுகள் பேசாத சில தூண்டல்கள் தமிழ்க் குடும்ப வாழ்வில் உள்ளன. அவற்றுள் மொழி முதலாவது. ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்னும் பழமொழி குருதியுறவை இயற்கையின் விதியாக்குகிறது. ‘வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது’ என்பது வளர்ப்புப்பிள்ளையின் ஒவ்வொரு முரணையும் நன்றிகொன்ற செயலாக்குகிறது. பெற்ற பிள்ளை கதவை அறைந்து சாத்தினால் ‘வயசுக் கோளாறு’ எனக் கடந்துசெல்லும் உறவினர், தத்துப்பிள்ளை அதனைச் செய்தால் ‘எந்த இரத்தமோ’ என்கின்றனர். ஒரே செயல், இரு வேறு காரணங்கள். பிள்ளையும் அதனைக் கேட்கிறது. ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்னும் பழமொழி ஈகையைப் போற்றினும், அதிலும் ஊரார் பிள்ளை ஊரார் பிள்ளையாகவே நிற்கிறது.

இரண்டாவது, ஆவணமும் சடங்கும். பிறந்த நேரம் அறியப்படாத பிள்ளைக்குச் சாதகம் கணிக்க இயலாது. கோயில் அருச்சனையில் நட்சத்திரம் கேட்கப்படும்போதே தயக்கம் எழுகிறது. பள்ளியில் ‘என் குடும்ப மரம்’ வரையச் சொல்லும் ஒப்படைப்பும், மேல்வகுப்பில் சாதிச் சான்றிதழ் கோரும் படிவமும், குடும்ப நோய் வரலாறு கேட்கும் மருத்துவரின் வினாவும் வெறுமையை நினைவூட்டுகின்றன. பெண்பிள்ளையின் மஞ்சள் நீராட்டு விழாவில் தாய்மாமன் சீர் முதன்மையானது. மாமன் முழுமனத்தோடு முன்வருகிறாரா, ஒப்புக்கு வருகிறாரா, வராமலே இருக்கிறாரா என்பதைப் பதின்மூன்று வயதுப் பெண் உற்றுநோக்குகிறாள். சட்டம் தந்த உறவைச் சுற்றம் ஏற்றதா என்பதற்கு அவள் காணும் சான்று அதுவே.

மூன்றாவது, மறைத்தல். அண்டை வீட்டாருக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே ஊர் மாறிக் குடியேறும் குடும்பங்கள் உண்டு. உண்மையைப் பெற்றோர் கூறாதவிடத்து, உறவினர் சண்டையிலோ சொத்துப் பேச்சிலோ அது வெளிப்படுகிறது. கனடாவைச் சேர்ந்த சமூகவியலறிஞர் டேவிட் கிர்க் 1964இலேயே, வேறுபாட்டை மறுக்கும் குடும்பங்களைவிட அதனை ஒப்புக்கொண்டு பேசும் குடும்பங்களில் உறவு நெருக்கம் மிகும் என எடுத்துரைத்தார். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) திரைப்படத்தில் ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மை கூறப்பட்ட சிறுமி தாயைத் தேடிப் புறப்படுகிறாள். உண்மை கூறுதல் ஒருநாள் நிகழ்வாக அமையும்போது அது அதிர்ச்சியாகிறது. மழலைப் பருவம் முதல் சிறிது சிறிதாகக் கூறப்படும்போது வாழ்வின் பகுதியாகிறது. தத்துக்குப் பிந்தைய சேவையின் முதற்பணி பெற்றோரை இதற்கு ஆயத்தப்படுத்துவதே.

முகப்பேர்ப் பகுதியில் சேவைகள்

வீட்டுவசதி வாரியத் திட்டங்களால் விரிவடைந்த முகப்பேர், 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது மாநகரின் பகுதியாயிற்று. 2018இல் சென்னை மாவட்ட எல்லை விரிவுற்று அம்பத்தூர், மதுரவாயல் வட்டங்கள் அதனுள் வந்தன. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடர்கின்றன. சில கிலோமீட்டர் தொலைவில் வாழும் இரு தத்துக் குடும்பங்கள் வெவ்வேறு மாவட்ட ஆட்சியர், குழந்தைகள் நலக் குழு, குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின்கீழ் வருகின்றன. எல்லை மாற்றத்திற்கு முன் திருவள்ளூர் மாவட்டத்தில் தத்தெடுத்த முகப்பேர்க் குடும்பம் இன்று சென்னை அலகை அணுக வேண்டும். எந்த அலுவலகத்திற்குச் செல்வது என்னும் முதல் வினாவிலேயே சில குடும்பங்கள் தளர்ந்துவிடக்கூடும்.

கிடைக்கும் சேவைகளை நான்கு அடுக்குகளாகப் பகுக்கலாம்.

முதல் அடுக்கு, தொலைபேசி உதவி. குழந்தைகளுக்கான 1098, மனநலத்திற்கான 14416, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய எண்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசியத் தொலைமனநலத் திட்டம் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயரில் வழங்குகிறது. இரவு பதினொரு மணிக்கு வீட்டில் வன்முறை வெடிக்கும் நேரத்தில் முதலில் எட்டக்கூடியவை இவையே. ஆயினும் ஓர் அழைப்பில் பத்தாண்டு வரலாற்றைக் கூறுவது கடினம்.

இரண்டாம் அடுக்கு, பள்ளி. மதிப்பெண் சரிவும் ஒழுங்கு மீறலும் முதலில் தெரியுமிடம் இதுவே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் உளத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுமாறு பெற்றோரை அழைத்துக் கூறும் வழக்கம், கைவிடப்படும் அச்சமுடைய பிள்ளைக்கு மற்றுமொரு கைவிடலாகிறது.

மூன்றாம் அடுக்கு, மருத்துவம். 1794இல் தொடங்கிய மரபினையுடைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் கட்டணமற்ற சேவை தருகின்றன. முகப்பேரை ஒட்டிய அண்ணா நகர் மேற்கு விரிவில் 1984இல் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனம் உள்ளது. தொலைவு இங்குத் தடையன்று. தடை சொல்லில் உள்ளது. ‘கீழ்ப்பாக்கம்’ என்பது சென்னைத் தமிழில் வசைச்சொல்லாகப் பயன்படுவதால், பதினைந்து வயதுப் பிள்ளையை அங்கு அழைத்துச் செல்லும் பேச்சே ஒரு போராகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளோடு ஒத்துப்போகாமையை மனநோய்க்கான அடிப்படையாகக் கொள்ளலாகாது எனத் தெளிவுபடுத்துகிறது. பெற்றோர் சொல் கேளாமை வேறு, நோய் வேறு என்னும் இவ்வேறுபாடு தத்துப்பிள்ளைகளுக்குப் பெரிதும் தேவையான பாதுகாப்பு.

நான்காம் அடுக்கு, சட்டப்படியான குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியன மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ‘சம்வாத்’ முன்னெடுப்பு, குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு உளநலப் பயிற்சி தருகிறது. ஆயினும் குழந்தைகள் நலக் குழுவைப் பெற்றோர் பலர் ‘பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கும் இடம்’ என்றோ ‘பிள்ளையைப் பறிக்கும் இடம்’ என்றோ அஞ்சக்கூடும். இவ்வச்சம் நிலவும்வரை, உறவு முறியும் கட்டத்தில் மட்டுமே குடும்பம் அங்குச் செல்லும்.

இந்நான்கு அடுக்குகளிலும் தத்துக் குடும்பத்திற்கென அமைந்த வாயில் தெளிவாகத் தென்படுவதில்லை. ஒவ்வோரிடத்திலும் குடும்பம் தன் கதையை முதலிலிருந்து கூற வேண்டியுள்ளது. தத்து என்பதைக் கூறினால் சிக்கல் முழுவதும் அதன்மேல் ஏற்றப்படுகிறது. கூறாவிட்டால் சிக்கலின் வேர் மறைகிறது.

பிற நாட்டு அனுபவம்

இந்தியா 2003இல் ஏற்புறுதி செய்த 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, தத்து ஆலோசனையையும் தத்துக்குப் பிந்தைய சேவைகளையும் வளர்ப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்குகிறது. இவ்வுடன்படிக்கை நாடுகளுக்கு இடையிலான தத்துக்கு உரியது. அதன் நெறி உள்நாட்டுத் தத்துக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜூலி செல்வின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தத்து ஆணைக்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் 3.2 விழுக்காட்டுத் தத்துகளே முறிந்தன எனக் கண்டது. ஆனால் அம்முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பதின்பருவத்தில் நிகழ்ந்தன. முறியாத குடும்பங்களிலும் பெற்றோரைப் பிள்ளை தாக்குதல் முதலிய கடுந்துயர்கள் மறைந்திருந்தன. 2015இல் அந்நாட்டு அரசு தத்து ஆதரவு நிதியத்தைத் தொடங்கி, சிகிச்சைச் செலவை ஏற்றது. 2025இல் ஒரு பிள்ளைக்கான ஆண்டு வரம்பு 5,000 பவுண்டிலிருந்து 3,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. சட்ட உரிமையாக அமையாத சேவை வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் நிற்கும் என்பது இதன் படிப்பினை.

இஸ்ரேலிய உளவியலாளர் ஹைம் ஓமர் உருவாக்கிய ‘வன்முறையற்ற எதிர்ப்பு’ முறையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. காந்தியடிகளின் அறப்போர் நெறியிலிருந்து ஊக்கம்பெற்ற இம்முறையில், பெற்றோர் பிள்ளையின் வன்முறைக்குப் பணிவதுமில்லை, பதிலுக்குத் தாக்குவதுமில்லை. சினம் தணிந்தபின் பேசுதல், மறைத்து வைக்காமல் நம்பிக்கைக்குரிய உறவினரைத் துணைக்கு அழைத்தல், ‘இச்செயலை ஏற்கமாட்டோம், உன்னையும் விடமாட்டோம்’ என்பதை இருப்பின் வழி உணர்த்துதல் ஆகியன இதன் கூறுகள். அத்தை, சித்தப்பா, தாய்மாமன் என விரியும் தமிழ்க் குடும்ப அமைப்பில் இம்முறைக்கு வேண்டிய ஆள்வளம் ஏற்கெனவே உள்ளது. அவ்வுறவினர் பிள்ளையைத் தம் பிள்ளையாகக் கருதுவது மட்டுமே முன்நிபந்தனை.

அமைய வேண்டிய சேவையின் கூறுகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் ஐந்து கூறுகள் பெறப்படுகின்றன.

1. பின்தொடர்தலுக்கு இரண்டாம் கட்டம் தேவை. இரண்டு ஆண்டு அறிக்கைகளுக்குப் பிறகு, பிள்ளையின் பத்து, பதின்மூன்று, பதினாறாம் வயதுகளில் முகமை குடும்பத்தைத் தானே அழைத்து உரையாட வேண்டும். அது கண்காணிப்பாக அல்லாமல், குடும்பம் விரும்பினால் ஏற்கும் துணையாக அமைதல் வேண்டும்.

2. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தத்துக் குடும்பங்களுக்கெனப் பெயர் குறிப்பிடப்பட்ட ஓர் ஆலோசகர் வேண்டும். எவ்வழியில் தத்து நிகழ்ந்திருப்பினும் வினவாது ஏற்பவராகவும், சென்னை, திருவள்ளூர் என்னும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாதவராகவும் அவர் இருத்தல் வேண்டும்.

3. ஆலோசனை பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. பிள்ளையைத் தனியே ‘சரிசெய்ய’ அனுப்புவது, குறை தன்னிடமே உள்ளது என்னும் அதன் அச்சத்தை உறுதிப்படுத்தும். பிள்ளைப்பேறின்மையால் பெற்றோர் அடைந்த துயர் ஆறாதிருப்பின், அதுவும் பேசப்பட வேண்டும்.

4. தத்துப் பெற்றோர் குழுக்களும் தத்துப்பிள்ளைகள் தமக்குள் கூடும் குழுக்களும் தேவை. பெற்றோர் பிறரிடம் கூற நாணும் செய்தியை ஒத்த அனுபவமுடையோரிடம் கூற இயலும். வளர்ந்த தத்துப்பிள்ளைகள் இளையோருக்கு வழிகாட்டலாம்.

5. வேர் தேடல் பற்றிய தெளிவு வேண்டும். விதிமுறைகளின்படி பதினெட்டு வயது நிரம்பியவர் தாமே தம் பிறப்புப் பின்னணியை அறிய விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினர் பெற்றோருடன் இணைந்து விண்ணப்பிக்கலாம். மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதியில்லை. இவ்வுரிமை உண்டு என்பதைப் பதின்பருவத்திலேயே அறியும் பிள்ளைக்கு, ஓடிச்சென்று தேட வேண்டிய கட்டாயம் குறைகிறது.

முடிவுரை

தத்தெடுப்பு ஆணை ஒரு பிள்ளைக்குக் குடும்பத்தைத் தருகிறது. அக்குடும்பம் நிலைப்பதற்கான பொறுப்பு ஆணையோடு முடிவதில்லை. நடப்பு விதிமுறைகள் குழந்தை வீட்டில் பொருந்துவதைக் கவனிக்கின்றன. பிள்ளை வளர்ந்து வினா எழுப்பும் காலத்தைக் கவனிப்பதில்லை. முகப்பேர்ப் பகுதியில் தொலைபேசி உதவி, பள்ளி, மருத்துவமனை, சட்ட அமைப்பு ஆகிய நான்கும் எட்டும் தொலைவில் இருந்தும், அவற்றை ஒரு குடும்பத்திற்காக ஒருங்கிணைக்கும் பொறுப்பாளர் இல்லை. மாவட்ட எல்லைப் பிரிவும் மனநலச் சேவையின் மீதான சமூக இழிவும் இவ்விடைவெளியை மிகுவிக்கின்றன.

நடத்தைச் சிக்கல் என்பது தத்தின் தோல்விக்குச் சான்றன்று. பல பிள்ளைகளிடம் அது தாமதமாக வந்த வினா. அவ்வினாவிற்கு விடை கூறும் பெற்றோர் தனித்து விடப்படாதிருப்பதே ஆதரவுச் சேவையின் அடிப்படை. முறைசாராத் தத்துகளில் வளரும் பதின்பருவத்தினர், தத்துப்பிள்ளைகளின் பள்ளி அனுபவம், வளர்ந்த தத்துப்பிள்ளைகளின் தன்கூற்று ஆகியவை தமிழில் விரிவான கள ஆய்வை வேண்டி நிற்கும் துறைகளாகும்.